விதியோடு காரணமும் வேண்டும்

ஆசிரியருக்கு,

தனிமனித சுதந்திரம் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். சமூக விதிகளைக் கேள்வி கேட்டால் ஒழுங்கு குலைந்துவிடும் என்ற அச்சத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மனிதர் வகுத்ததை மனிதர்தானே திருத்த வேண்டும்? 1948-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 29-ஆம் பிரிவுகூட, பிறர் உரிமை, பொது ஒழுங்கு, பொதுநலன் போன்றவற்றுக்காக மட்டுமே சுதந்திரத்துக்கு வரம்பு விதிக்கலாம் என்கிறது.

சிறு வயதில் எனக்கு இடது கைப் பழக்கம். பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணிப்பார்கள். ஏன் என்று கேட்டால், "அதுதான் முறை" என்பார்கள். அப்புறம் பல ஆண்டுகள் என் எழுத்து கோணலாகவே இருந்தது. இன்று என் மகள் இடது கையால்தான் எழுதுகிறாள். யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை. பள்ளியோ அலுவலகமோ, ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் அதற்கான காரணத்தை எழுதி வைக்கட்டும். காரணம் எழுத முடியாத விதியை நீக்கிவிடட்டும்.