ஏழு பேராவது வாருங்கள்

வட்டாரக் கால்பந்து லீக் நிர்வாகக் குழுவினருக்கும், லீக்கில் ஆடும் கிளப்புகளின் செயலாளர்களுக்கும் வணக்கம்.

எங்கள் மைதானத்துக்குக் கோடு போடுகிறவன் நான். ஆட்ட நாளன்று விடிவதற்கு முன்பே போய், நடுப்புள்ளியில் முளை அடித்து, 9.15 மீட்டர் கயிறு கட்டி வட்டம் வரைவேன். கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் அளந்து பெனால்டி புள்ளி வைப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை வரைந்த கோடுகள் மாலைவரை அழியாமல் அப்படியே கிடந்தன. எதிரணி வரவில்லை. எங்கள் பையன்கள் பூட்ஸ் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். நடுவர் இரண்டு மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தாளில் வாக்ஓவர், அதாவது எதிரணி வராததால் ஆடாமலே வெற்றி, என்று எழுதிக் கையெழுத்திட்டார். எங்களுக்கு 3-0, மூன்று புள்ளி. அன்றுதான் முதன்முதலாக அணியில் இடம் கிடைத்த பதினேழு வயது கோல்கீப்பர், கையுறையைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்தான். அந்த மூன்று புள்ளியை அவனிடம் எப்படிச் சொல்லிக் கொண்டாடுவது?

இந்தப் பருவத்தில் எங்களுக்கு இது மூன்றாவது வாக்ஓவர்.

லீக் என்ற ஏற்பாடு பிறந்ததே இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ஒத்துக்கொண்ட ஆட்டத்தைக் கைவிடுவது சாதாரணம். ஒரு கோப்பை ஆட்டம் குறுக்கே வந்தால் போதும், மற்றது ரத்தாகிவிடும். பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். ஆஸ்டன் வில்லா கிளப்பைச் சேர்ந்த துணி வியாபாரி வில்லியம் மெக்ரெகர், 1888 மார்ச் 2 அன்று சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு கிளப்புகள் ஒன்றுசேர்ந்து, சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என்று ஆட்டங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 12 கிளப்புகளோடு லீக் தொடங்கியது, கிளப்புக்கு 22 ஆட்டம் வீதம். குறித்த நாளில் வருவோம் என்ற வாக்குறுதிதான் லீக்கின் அஸ்திவாரம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் புள்ளிப் பட்டியல்.

அந்தப் பட்டியலும் நேர்மையாக இருப்பதில்லை. ஒரு கிளப் கடைசி நிமிடம்வரை போராடி ஓர் அணியை 1-0 என வெல்கிறது. அதே அணி இன்னொரு கிளப்போடு ஆட வராமல் போக, அந்த கிளப்புக்கு ஓடாமலே மூன்று கோல் கிடைக்கிறது. பருவ முடிவில் கோல் வித்தியாசத்தில் மேல் டிவிஷன் வாய்ப்பை இழப்பது, பெரும்பாலும் வியர்வை சிந்திய கிளப்தான்.

வராத கிளப்பை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஆட்டக்காரர்கள் வேலைக்குப் போகிறவர்கள், படிக்கிறவர்கள். வியாழக்கிழமை இரவு இடமும் நேரமும் மாறியதாகத் தகவல் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் யார் விடுப்பு வாங்க முடியும்? ஆகவே குழுவினரே, முழு அட்டவணையையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே வெளியிடுங்கள். ஆட்டத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தால் மறு தேதியையும் அதே கடிதத்தில் குறியுங்கள். பயணத்துக்கு வழியில்லாத சிறிய கிளப் முன்கூட்டியே சொன்னால், அந்த ஆட்டத்தை அவர்கள் மைதானத்துக்கு மாற்றிக் கொடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் வராதவர்களிடம் அபராதம் வாங்குவதோடு நிறுத்த வேண்டாம். பணமுள்ள கிளப் அதைக் கட்டிவிட்டுப் போய்விடும். புள்ளியைக் குறையுங்கள், அதுதான் உறைக்கும்.

செயலாளர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கால்பந்தின் மூன்றாவது விதியைப் படித்துப் பாருங்கள். ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால்தான் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. ஏழு பேர் இருந்தால் ஆடலாம். பதினொரு பேர் சேரவில்லை என்பதற்காக வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அணி எட்டே பேரோடு எங்கள் மைதானத்துக்கு வந்தது. அவர்களில் ஒருவர் பயிற்சியாளர். நாற்பதைக் கடந்தவர், இரவல் பூட்ஸ் போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்றார். ஆறு கோல் வாங்கினார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களும் ஒரு கோல் அடித்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள்தான் முதலில் எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்று மாலை நான் போய்ப் பார்த்தபோது நடுவட்டத்தில் பாதி அழிந்திருந்தது, பெனால்டி புள்ளி இருந்த இடமே தெரியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது. காலை ஆறு மணிக்குள் கோடு போட்டு வைத்திருப்பேன். அந்தக் கோல்கீப்பரும் வருவான்.

அன்புடன்,
மைதானத்துக்குக் கோடு போடும் தொண்டன்