அம்மாவுக்கு ஆகாத மருந்தைக் கண்டறிந்து தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மயக்கவியல் மருத்துவர், அறுவை அரங்கின் செவிலியர்கள், ஆய்வகப் பணியாளர்கள், ஒவ்வாமைப் பிரிவு மருத்துவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் பணிவான வணக்கம்.

பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்குச் சென்ற எங்கள் அம்மா, மயக்கம் கொடுத்த சில நிமிடங்களிலேயே கடுமையான ஒவ்வாமைக்கு உள்ளாகி, உங்கள் கையால் பிழைத்து, காரணமும் கண்டறியப்பட்டு, அதே அறுவையைப் பின்னர் பத்திரமாக முடித்துக்கொண்டு இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். உயிரைக் காத்ததற்கான நன்றியை நேரிலேயே சொல்லிவிட்டோம். இருந்தும் இம்மடலைப் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. அந்தப் பரபரப்புக்கு நடுவிலும் ஒவ்வொரு மருந்தும் ஏறிய நிமிடத்தைக் குறித்து வைத்தவர்கள், உரிய வேளையில் ரத்தம் எடுத்து வைத்தவர்கள், பல வாரங்கள் கழித்து அந்தக் குறிப்புகளைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தவர்கள் ஆகியோரின் உழைப்பு வெளியில் தெரிவதே இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் அம்மாவுக்கு எந்த மருந்து ஆகாது என்பது எங்களுக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

முதல் நன்றி மயக்கவியல் மருத்துவருக்கு. அம்மாவுக்குச் செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்திய உடனேயே நாடித்துடிப்பு ஏறி, ரத்த அழுத்தம் கருவியில் பதிய முடியாத அளவுக்குச் சரிந்து, நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தவே முடியாதபடி மூச்சுக்குழாய்கள் இறுகிவிட்டன. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அடுத்த கணமே இது ஒவ்வாமைதான் என்று நீங்கள் முடிவெடுத்ததாக உடனிருந்த செவிலியர் பிறகு சொன்னார். அந்த நேரத்தில் தோலில் ஒரு தடிப்புகூட இல்லை. ரத்த ஓட்டமே குன்றிப்போனால் தோல் சிவக்க வழியில்லை என்பதையும், அழுத்தம் தேறிய பிறகே பல நோயாளிகளுக்குத் தடிப்பு தெரியும் என்பதையும் நீங்கள் விளக்கியபோதுதான், தோலைப் பார்த்துக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எங்களுக்கு உறைத்தது. அம்மாவுக்கும் மார்பிலும் முழங்கைகளிலும் தடிப்புகள் அதற்குப் பிறகே எழுந்தன.

அட்ரினலினை 50 மைக்ரோகிராம் அளவில் ரத்தக்குழாய் வழியாகத் திரும்பத் திரும்பச் செலுத்தி, கால்களை உயர்த்தி, சலைன் பாட்டில்களை வேகமாக ஏற்றி, அறுவை தொடங்குவதற்கு முன்பே அதை நிறுத்திவைத்து, அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினீர்கள். அறுவையை நிறுத்தும் முடிவை எடுத்த அறுவை மருத்துவருக்கும் எங்கள் நன்றி. நோயாளி தேறிவிட்டார், வந்த வேலையை முடித்துவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை.

இரண்டாவதாக, அறுவை அரங்கில் இருந்த செவிலியருக்கு. அம்மாவின் அழுத்தம் ஓரளவு நிலைபெற்றதுமே அவர் ரத்தம் எடுத்தார். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் எடுத்தார். மறுநாள் 24 மணி நேரம் கடந்த பிறகு மூன்றாவது முறை எடுக்கச் செய்தார். மூன்று குழாய்களின் ஒட்டுச் சீட்டிலும் பால்பாயின்ட் பேனாவால் மணியும் நிமிடமும் எழுதியிருந்தார். நாளை மட்டும் எழுதிவிட்டு விடுவதுதான் பல இடங்களில் வழக்கம் என்று ஆய்வகத்தில் பின்னர் கேள்விப்பட்டோம். இந்தப் பரிசோதனையில் நிமிடம் தெரியாவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒவ்வாமையின்போது மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையைக் கிளப்பும் உடல் அணுக்கள்) வெளியிடும் டிரிப்டேஸ் என்னும் நொதி சிறிது நேரத்தில் உச்சத்துக்குப் போய், சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் தடயம் மங்கிவிடும். மூன்றாவது நாளில் யாராவது நினைத்துக்கொண்டு எடுத்திருந்தால், அம்மாவுக்கு நடந்தது ஒவ்வாமையா, இதயக் கோளாறா, ஆஸ்துமாவா என்ற விவாதம் முடிவில்லாமல் போயிருக்கும்.

அந்த அறிக்கையை எங்களுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டிய ஆய்வக மருத்துவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அடிப்படை அளவை, அதாவது 24 மணி நேரம் கடந்து எடுத்த ரத்தத்தில் உள்ள டிரிப்டேஸ் அளவை, 1.2-ஆல் பெருக்கி அதனுடன் 2-ஐக் கூட்டினால் கிடைக்கும் எண்ணை உச்ச அளவு தாண்ட வேண்டும் என்பது கணக்கு. அம்மாவின் அடிப்படை அளவு மில்லிலிட்டருக்கு 4.5 நானோகிராம், ஆக, எல்லை 7.4. அன்றைய உச்சமோ 29. மாஸ்ட் செல்கள் கிளர்ந்தெழுந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டியதில்லை. ஆனால் எந்த மருந்து கிளறிவிட்டது என்பதை டிரிப்டேஸ் சொல்லாது என்றும், டிரிப்டேஸ் உயராத ஒவ்வாமைகளும் உண்டு என்றும் அவர் சேர்த்தே சொன்னார். ஓர் அறிக்கையால் எது தெரியும், எது தெரியாது என்பதை நோயாளியின் வீட்டாரிடம் இவ்வளவு நேர்மையாக எடுத்துச் சொல்பவரை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

அதன் பிறகு உறவினர்கள் பலரும் அன்பினால் சொன்னது ஒன்றே: "அவங்களுக்கு மயக்க மருந்தே ஆகாது, இனிமே ஆபரேஷன் பேச்சே வேண்டாம்." பித்தப்பையில் கல்லை வைத்துக்கொண்டு, வலி வரும்போதெல்லாம் அஞ்சிக்கொண்டு, அம்மாவும் அப்படியே இருந்துவிட எண்ணினார். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒவ்வாமைப் பிரிவு மருத்துவர். "மயக்க மருந்துன்னு ஒரே ஒரு மருந்து கிடையாதும்மா, அன்னிக்கு உங்களுக்குப் போட்ட ஒவ்வொண்ணையும் தனித்தனியா பார்த்துடலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மா முகம் தெளிந்தது.

அப்படித் தனித்தனியாகப் பார்ப்பதற்கு அவருக்குத் தேவைப்பட்டது அன்றைய மயக்கப் பதிவேட்டின் நகல். அதை நாங்கள் கேட்டவுடனே தயங்காமல் எடுத்துத் தந்த மருத்துவப் பதிவுப் பிரிவு ஊழியருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக்கான செஃபசோலின், வலி மருந்தான ஃபென்டனில், உறங்க வைக்கும் புரோபோஃபால், தசைத் தளர்த்தியான ரோகுரோனியம் ஆகியவை ஏறிய நேரங்கள் அதில் வரிசையாக இருந்தன. அத்துடன், தோலைத் துடைத்த குளோர்ஹெக்சிடின் கரைசல், குழாயில் தடவிய ஜெல், கையுறை லேட்டக்ஸா இல்லையா என்பது வரை செவிலியர் ஓரத்தில் குறித்திருந்தார். மருந்தென்றே பலரும் எண்ணாத இவற்றாலும் கடும் ஒவ்வாமை வரும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெட்டிஸ்ட்ஸ் 2018-இல் வெளியிட்ட தேசியத் தணிக்கை, அறுவை வேளையில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏறத்தாழ 10,000 மயக்கங்களில் ஒன்றில் நேர்வதாகக் கணித்தது. அது ஆராய்ந்த 266 நிகழ்வுகளில் காரணம் உறுதியானவற்றில் முதலிடம் ஆன்டிபயாட்டிக்குகளுக்கும், அடுத்த இடம் தசைத் தளர்த்தி மருந்துகளுக்கும், மூன்றாம் இடம் குளோர்ஹெக்சிடினுக்கும் கிடைத்தது. அந்த 266 பேரில் 10 பேர் இறந்தார்கள் என்பதைப் படித்தபோது உங்கள் அனைவரையும் நினைத்துக் கைகூப்பினோம்.

பரிசோதனையை உடனே செய்யாமல் நான்கு வாரங்களுக்கு மேல் காத்திருக்கச் சொன்னார் மருத்துவர். ஒவ்வாமை வந்த புதிதில் மாஸ்ட் செல்கள் தம்மிடம் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டிருக்கும் என்பதால், உண்மையில் ஆகாத மருந்துக்கும் தோல் எதிர்வினை காட்டாமல் போகக்கூடும். பரிசோதனைக்கு முந்தைய வாரம் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளையும் நிறுத்தச் சொன்னார். அந்த வாரத்தில்தான் அம்மாவுக்கு நல்ல ஜலதோஷம் பிடித்தது. ஒரு மாத்திரையும் போடாமல் தும்மிக்கொண்டே தாங்கிக்கொண்டார்.

பரிசோதனை அறையில் அன்று பார்த்த நிதானத்தை எங்களால் மறக்க முடியாது. அம்மாவின் முன்கையில் பேனாவால் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டின் அருகிலும் மருந்தின் ஒரு சொட்டை வைத்து, அதன் வழியே நுண்ணூசியால் லேசாகக் குத்தினார்கள். ஒரு சொட்டு, தடிப்பை உண்டாக்கும் பொருளான ஹிஸ்டமின். அது தடித்தே ஆக வேண்டும், தடிக்காவிட்டால் அன்றைய பரிசோதனையையே நம்ப முடியாது. இன்னொரு சொட்டு வெறும் சலைன். அது தடிக்கவே கூடாது. பதினைந்து இருபது நிமிடங்கள் கழித்து, சலைன் இட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்திருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். குத்துப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாத மருந்துகளை நன்றாக நீர்க்கச் செய்து தோலுக்குள்ளே சிறிதளவு செலுத்தினார்கள். ரோகுரோனியத்தை 200 மடங்கு நீர்த்திருந்தார்கள். இந்த வகை மருந்துகளில் சில, செறிவு கூடினால் ஒவ்வாமையே இல்லாதவரின் தோலையும் தடிக்க வைத்துவிடும் என்பதால் நீர்ப்பு அளவில் தவறு நேரக்கூடாது. மருந்தை அளந்து நீர்த்த இளம் மருத்துவர் ஒவ்வொரு சிரிஞ்சையும் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே எடுத்து வந்தார். அந்தக் கவனத்துக்கு எங்கள் வணக்கம்.

ரோகுரோனியம் செலுத்திய இடம் எங்கள் கண்ணெதிரே வெளுத்து உப்பி, சுற்றிலும் சிவந்தது. இன்னொரு தசைத் தளர்த்தியான சக்சினைல்கோலினும் அப்படியே. மற்றவை எல்லாம் அமைதியாக இருந்தன. தசைத் தளர்த்தியே ஆன அட்ராகூரியத்திலும் தடிப்பு இல்லை என்பதை மருத்துவர் ஒருமுறைக்கு இருமுறை பார்த்து உறுதிசெய்தார். எங்களுக்குத் தேவைப்பட்ட விடை அதுதான்: ஆகாதது எது என்பதோடு, இனி எதைக் கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிட்டது.

வாழ்நாளில் முதன்முறையாகப் போட்ட மருந்து எப்படி ஒவ்வாமை ஆகும் என்று அம்மா கேட்டார். தசைத் தளர்த்தி மருந்துகளில் உள்ள ஒரு வேதிக்கூறு அன்றாடம் புழங்கும் வேறு சில பொருள்களிலும் இருப்பதால், உடல் ஏற்கெனவே அதை அறிந்து எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்து வைத்திருக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். அத்தகைய பொருள்களில் ஒன்றாகக் கருதப்படும் ஃபோல்கோடின் கலந்த இருமல் மருந்தின் விற்பனை நார்வேயில் 2007-இல் நின்ற பிறகு அங்கே இத்தகைய ஒவ்வாமை குறைந்ததையும், ஐரோப்பிய மருந்து முகமை 2022-இல் அம்மருந்தைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்ததையும் சொன்னார். அம்மாவின் உடலில் இது எதனால் தொடங்கியது என்று உறுதியாகக் கூற முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இரண்டாம் முறை அட்ராகூரியம் கொண்டு மயக்கம் கொடுத்து, அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக வைத்துக்கொண்டு, பித்தப்பையை எடுத்தீர்கள். அதில் சொல்லும்படியாக ஒன்றுமே நடக்கவில்லை. அதற்காகவே தனியாக ஒரு நன்றி.

ஆகாத மருந்துகள், கொடுக்கத் தக்க மருந்துகள், அன்றைய டிரிப்டேஸ் அளவுகள் மூன்றையும் ஒரே பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தீர்கள். அதை லேமினேட் செய்து குடும்ப அட்டை உறைக்குள் வைத்திருக்கிறோம். நெருங்கிய மருத்துவமனைகளில் ஒரு நகலும் கொடுத்திருக்கிறோம். பல் பிடுங்க மரப்பு ஊசி போட வேண்டி வந்தபோது எங்கள் ஊர் பல் மருத்துவர் முதலில் தயங்கினார். மரப்பு மருந்தான லிக்னோகைன் முற்றிலும் வேறு வகை, அதைத் தாராளமாகப் போடலாம் என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு ஊசியைப் போட்டார். அம்மா அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். கேட்காமலேயே அந்த வரியையும் சேர்த்து எழுதிய கைக்கு நன்றி.

என்றும் நன்றியுடன்,
நோயாளியின் மகளும் குடும்பத்தாரும்