வீதி மரங்கள் சாவதற்குக் காரணம் வேரில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக்கு எதிரே நின்ற தூங்குமூஞ்சி மரத்தைக் கடந்த மாதம் வெட்டி எடுத்துப் போனார்கள். மாலை ஐந்து மணிவாக்கில் இலையை மடக்கிக்கொள்வதால், பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என்று சொல்லும் மரம் அது. வயதாகிவிட்டது என்று வெட்ட வந்தவர்கள் சொன்ன காரணத்தை அக்கம்பக்கத்தார் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், குழாய் பதிக்க வந்த குத்தகையாளர் ஒருவர் அடிமரத்தை ஒட்டியே பள்ளம் தோண்டினார். தொடைப் பருமனுள்ள வேர்கள் நாலைந்து, மண்வாரி இயந்திரத்தின் பல்லில் சிக்கி, நார் நாராகக் கிழிந்து கிடந்ததை நான் நின்று பார்த்தேன். பள்ளத்தை மூடியதோடு விடாமல், நடைபாதைச் சிமெண்டை அடிமரத்தைத் தொடும்வரை இழுத்துப் பூசினார்கள். மறு ஆண்டு இலைகள் சிறுத்தன. அதற்கடுத்த ஆண்டு உச்சிக் கொப்புகள் மான்கொம்புபோல மொட்டையாகின. சென்ற மழைக்காலத்தில் அடிமரத்தில் மெருகு பூசியது போன்ற செம்பழுப்புக் காளான் தட்டுத் தட்டாக முளைத்தது. செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவனுக்கு மரத்தை அடியிலிருந்து அழுகவைக்கும் கானோடெர்மா என்ற இந்தப் பூஞ்சையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது உள்ளே நுழைய வழிவிட்டது அந்த வேர்க்காயம் என்பதே என் எண்ணம்.

பெரிய மரத்தின் வேர் கிளைநிழலைத் தாண்டியும் ஓடும் என்பதும், நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஏறத்தாழ ஒன்றரை அடிக்குள்ளேயே இருக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கார்கள் ஏறி இறுகிய மண்ணில் அந்த வேர்களுக்குக் காற்றுக் கிடைக்காது. வேரை இழந்த மரம் சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு சில ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதால், அது பட்டுப்போகும்போது பழைய பள்ளம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

டொரோண்டோவில் இருக்கும் என் மகள், வாசலில் நின்ற மேப்பிள் மரம் ஒரு பக்கமாகக் காய்வதைக் கண்டு அடிமண்ணை விலக்கியபோது, தொட்டியில் வளர்ந்த காலத்திலேயே சுருண்டுவிட்ட வேர் ஒன்று அடிமரத்தைக் கயிறுபோல இறுக்கியிருந்ததாம். அங்கே ஆழமாக நடுவது, வெர்ட்டிசிலியம் பூஞ்சை, பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு ஆகியவையும் மேப்பிளைக் கொல்கின்றன. உப்பைக் கழித்துவிட்டு, வெர்ட்டிசிலியத்தின் இடத்தில் நம் வீதிகளில் நிற்கும் அங்சானா மரங்களை வாட்டும் ஃபுசாரியம் பூஞ்சையை வைத்தால், ஏறக்குறைய நம்மூர்க் கதைதான்.

2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் விழுந்து ஒருவர் உயிரிழந்த பிறகு, பெரிய மரம் என்றாலே மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். வேரை அறுப்பதற்கு எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரிய மரங்களின் அருகே குழாய் பதிப்போர் வேருக்கு அடியில் துளையிட்டுச் செல்லவோ, கையால் தோண்டவோ வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.

வெட்டிய இடத்தில் இப்போது கன்று ஒன்றை நட்டிருக்கிறார்கள். அதற்கு விட்ட மண் இரண்டடி அகலம்கூட இல்லை. தண்டின் அடி தெரியாதபடி மண்ணை மேடாகக் குவித்தும் வைத்திருக்கிறார்கள். அதையாவது உரியவர்கள் இந்த மழைக்கு முன் சரிசெய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு