கயிற்றுக்காரர்

அன்புள்ள மூர்த்தி,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அதை முதலில் எழுது.

நான் மூன்று மாதமாக ஒரு நாடகத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். மனிதனின் பறக்கும் ஆசைதான் கதை. மேடை முழுக்கப் புரொஜெக்டர், எட்டு ஸ்பீக்கர், அந்தரத்தில் தொங்கும் நடிகை, ஒரு மூலையில் கணினியும் நானும். மேகத்தையும் கடலையும் திரையில் ஓடவிட்டால் அவள் பறப்பது போல ஆகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் அசைவை அகச்சிவப்புக் கேமரா பிடிக்கும், அதற்கேற்ப மேகம் விலக வேண்டும். ஒத்திகையில் அவள் மேலே போய் அரை விநாடி கழித்துத்தான் விலகியது, பஸ்ஸைத் தவறவிட்டவன் பின்னாலேயே ஓடுகிற மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து சரிசெய்தேன். சரியான பிறகு இன்னும் மோசம்டா, வழுவழுவென்று விளம்பரப்படம் போல இருந்தது. விழுந்துவிடுவாளோ என்று ஒருத்தருக்கும் பதறவில்லை.

அப்புறம் இயக்குநர் ஒரு காரியம் செய்தார். திரைக்குப் பின்னால் கயிறு இழுப்பவரைக் கூப்பிட்டு மேடையிலேயே நிறுத்திவிட்டார். கையுறையின் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து பளபளக்கிறது. அவர் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்க, அவள் குதிகால் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது, அவ்வளவுதான், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். என் மேகத்தில் முக்கால்வாசியை அன்றைக்கே அழித்துவிட்டேன் (வயிற்றெரிச்சல்தான்).

இது புதிதும் இல்லை. கி.மு. 421இல் ஏதென்ஸில் அரிஸ்டோஃபனீஸ் போட்ட 'அமைதி' நாடகத்தில் ஒருவன் சாணி வண்டின் மேலேறித் தேவலோகம் போவான். போகிற வழியில் கதையை விட்டுவிட்டு, வண்டைத் தூக்குகிற பாரந்தூக்கியை இயக்குகிறவனிடம் பார்த்துச் செய்யப்பா என்று கெஞ்சுவான். அந்தப் பயம்தான் என் மேகத்தில் இல்லாமல் போனது.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறியையும், அதுதான் அந்த மயில் வடிவப் பறக்கும் பொறி, சேர்த்திருக்கிறோம். அதில் பொறி இறங்கும் இடம்தான் எனக்குப் பிடிக்கும். நிறைமாத வயிற்றோடு விசயை போய் இறங்குவது சுடுகாட்டில், சீவகன் பிறப்பதும் அங்கேயேதான். அந்தக் காட்சிக்குப் படமே வைக்கவில்லை. ஒரு மின்விசிறி, கொஞ்சம் சாம்பல், திருகு சுற்றும் ஓசை.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கும் இயக்குநருக்கும் சண்டை. 1912 பிப்ரவரி 4 அன்று ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையற்காரர், தானே தைத்த பாராசூட் உடையோடு ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்து இறந்துபோனார். அதைப் படம் பிடித்திருந்தார்கள், இன்றும் இருக்கிறது. விழுவதையும் காட்ட வேண்டும் என்றார் இயக்குநர். எனக்கு அதற்கு முந்தியதே போதும்: விளிம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கீழே பார்த்து, குதிக்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அந்த மனுஷன் நிற்கிற நேரம். எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும், இந்தத் தடவை இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார் என்றே தோன்றுகிறது. கடைசியில் குதிப்பதற்கு முன்னால் படத்தை அணைத்துவிடுவது என்று முடிவானது. இருட்டில் கயிற்றுக்காரர் ஒரு மணல் மூட்டையை விடுகிறார்.

அடுத்த மாதம் மேடையேறுகிறது. கால் சரியாகிவிட்டால் கிளம்பி வா. வந்தால் இடப்பக்கம் உட்கார், அங்கிருந்து பார்த்தால் கயிற்றுக்காரர் முகம் தெரியும்.

உன்,
செல்வம்