லெக்சிங்டனில் உதவிய அம்மாவுக்கு நன்றி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து லெக்சிங்டனில், தணலில் வாட்டிய பன்றியிறைச்சி (பார்பிக்யூ) விற்கும் உணவகத்தில், உணவுப் பட்டியலைப் பார்த்துக் குடும்பத்தோடு விழித்துக்கொண்டிருந்த எங்களிடம் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்த அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி. மாநிலத்தின் கிழக்கே முழுப் பன்றியை வாட்டுவார்கள், இங்கே தோள்பட்டை இறைச்சிதான். ஹிக்கரி விறகுத் தணலில் மணிக்கணக்காக வேகும், வினிகர் சாற்றில் கெட்சப்பும் சேரும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். வெளிப்புறம் கருஞ்சிவப்பாக முறுகிய துண்டுகளைக் கேட்டு வாங்கச் சொன்னீர்களே, அந்தப் புகைமணமும் புளிப்பும்! அதைச் சாப்பிடாமல் திரும்பியிருந்தால் பெரிய இழப்பு.

அதோடு விட்டீர்களா? பேத்தியின் பிறந்தநாளுக்காக வீட்டில் செய்து கொண்டுவந்த வாழைப்பழ புட்டிங்கை எங்கள் பிள்ளைகளுக்கும் அள்ளி வைத்தீர்கள். கஸ்டர்டில் ஊறி மெத்தென்றிருந்த வெனிலா பிஸ்கட், மேலே பொன்னிறமாகச் சிவந்த முட்டை வெண்கரு நுரை. சின்னவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். நீங்களும் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும், அம்மா.