ஹெரால்டு காரின் முன்மூட்டுக்கு கியர் ஆயில்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களை உரிமையாளர்களே வீட்டில் வைத்துப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பற்றிய பத்தியில், முன்சக்கர மூட்டுகளுக்கெல்லாம் தாராளமாகக் கிரீஸ் அடிக்கச் சொல்லி ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி யாராவது கிரீஸ் கன்னைக் கையில் எடுப்பதற்குள் இந்தக் கடிதம் அச்சேறினால் நல்லது.

ஹெரால்டு நம் ஊரிலும் தயாரான வண்டி. இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்ததை, ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1971 வரை சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தயாரித்தது. 948 சிசி இன்ஜின், தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்), அதன் மேல் போல்ட்டில் இறுக்கிய பாடி. பானட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்தால், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். வீட்டில் வேலை செய்ய இதைவிடத் தோதான வண்டி நாங்கள் அறிந்தவரை இல்லை. அதனாலேயே அனுபவமில்லாதவர்களும் துணிந்து இறங்கிவிடுகிறார்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தூணுக்கு வெர்ட்டிகல் லிங்க் என்று பெயர். அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, டிரன்னியன் என்னும் பித்தளை நிற வார்ப்புக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இந்த மரைதான் உள்ளே சுழல்கிறது. முன்பக்கப் பாரமும் இதன் வழியாகத்தான் போகிறது. மரைக்கு நடுவே உள்ள சந்து மிக மெல்லியது. கியர் ஆயில் அதில் ஏறும். கிரீஸ் ஏறாது, வாயிலேயே தங்கி, நாளடைவில் பழைய மெழுகுபோல் இறுகிவிடும். மேலே உள்ள ரப்பர் சீல் கிழிந்ததும் மழைத்தண்ணீர் இறங்கி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மரை தொடங்கும் கழுத்தில் வளையம் போட்டதுபோல் துருப்பள்ளம் விழும். ஒருநாள் அந்த இடத்தில் தூண் முறிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிக்கொள்ளும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது ஹெரால்டின் பெருமை. அப்படி ஒடித்துத் திருப்பும்போதுதான் கழுத்துக்குச் சுமை அதிகம். பெரும்பாலும் அப்போதுதான் முறிகிறது. அம்பாசடரின் முன்மூட்டுகளுக்குக் கிரீஸ்தான் சரி. அந்தப் பழக்கம்தான் இந்த வண்டிக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. டிரன்னியனில் உள்ள சிறு பிளக்கைக் கழற்றி நிப்பிள் பொருத்தி, இபி 90 கியர் ஆயில் நிரப்பிய கன்னால், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே, மேல்சீல் ஓரம் ஆயில் கசியும்வரை அடியுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு மைல் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். ஏற்கெனவே கிரீஸ் அடித்த வண்டி என்றால் மேலே ஆயில் ஊற்றிப் பயனில்லை. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கழுத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெடிப்பு காட்டும் சிவப்பு டை ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தாலே அந்தத் தூண் வேண்டாம். அதை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியையே விடாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது இரண்டு விஷயம். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. மாற்றிப் போட முடியாது, வலுவில் திருகினால் வார்ப்பு போய்விடும். டிரன்னியனைக் கடைசிவரை திருகிவிட்டு, ஒரு சுற்றுக்கு மிகாமல் பின்னுக்கு எடுத்து, அங்கேதான் பூட்ட வேண்டும். கடைசிவரை இறுக்கி அப்படியே விட்டால், முழுதாகத் திருப்பும்போது மரை அடிமுட்டி அதே கழுத்தை நெம்பும்.

கட்டுரை பெயின்டை முதல் வேலையாகச் சொல்கிறது. அதில் எங்களுக்கு உடன்பாடில்லை; பெயின்ட் கடைசி வேலை. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும் என்ற ஒரு காரணமே போதும். சிந்திய இடத்தை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால், பட்டறையில் கொடுத்த பணம் தோல்போல் உரிந்து வரும்.

பிரேக்கில் எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்றுதான். நான்கு சக்கரத்தில் எங்கே ஒரு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் உருளை) கசிந்தாலும் மிதி தரைவரை போகும். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர்களின் உட்சுவர் அம்மைத்தழும்பு விழுந்திருக்கும்; கப் ரப்பரை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி கசியும். லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுக்கொள்வது நிலையான தீர்வு. பிரேக் ஆயில் டப்பாவில் டாட் 3 அல்லது டாட் 4 தர ஆயில் மட்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போய், மிதி இயக்கும் மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ்வரை அத்தனையும் மாற்ற வேண்டி வரும். பிரேக் லைனிலிருந்து காற்றெடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ட்ரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இன்ஜினில் கவனிக்க வேண்டியது கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) முன்பின் ஆட்டம். ஒருவர் கிளட்சை மிதித்து விட, இன்னொருவர் முன்புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்து நகர்ந்தால், அந்த ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. டயல் கேஜில் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கலாம். அதை மீறி ஓட்டினால் அரைவட்ட வாஷர் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் விழும், பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும், பிளாக் காயலான் கடைக்குத்தான். இத்தனைக்கும் இது வீட்டு வேலை: இன்ஜினை இறக்காமல், சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் பேரிங் கேப்பை எடுத்தால் வாஷரை மாற்றிவிடலாம். ஆயில் பள்ளம் உள்ள முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும்; திருப்பிப் போட்டவர்கள் உண்டு.

டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள சந்து) ஆறிய இன்ஜினில் 0.25 மி.மீ. வால்வுகளை முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 8 முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யலாம், 6 திறந்திருக்கும்போது 3ஐ. கூட்டினால் எப்போதும் 9 வர வேண்டும். டைமிங் குறியைத் தேட வேண்டியதே இல்லை. பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளி 0.4 மி.மீ., ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.6 மி.மீ.

இனி பெட்ரோல். 2025ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வந்துவிட்டோம். இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்டபோது அது யார் கணக்கிலும் இல்லை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நின்றே கிடக்கும் வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். அடித்தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி மிருதுவாகி, உட்சுவர் செதில் செதிலாக உதிர்ந்து, கார்பரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறுதுளையான ஜெட்டை அடைக்கும். அரக்கு பூசி ஒட்டிய பழைய கார்க் பேக்கிங் இருந்தால், அரக்கு எத்தனாலில் கரைந்து கசியத் தொடங்கும். சூடான மேனிஃபோல்டுக்கு (இன்ஜினின் புகைக்குழாய்) பக்கத்தில் இப்படிக் கசிவதுதான் பழைய கார் தீப்பிடிக்க நேர்வழி. டேங்க் முதல் கார்பரேட்டர்வரை உள்ள ரப்பரை எல்லாம் எத்தனால் தாங்கும் தரக்குறியான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள். சாதாரண கறுப்பு ஹோஸ் விலையில் பல மடங்கு குறைவு. ஆனால் ஓராண்டு தாங்கினால் அதிசயம். மெக்கானிக்கல் பம்ப்பின் டயஃப்ரமும் எத்தனால் தாங்குவதாக இருக்க வேண்டும்.

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோல்-காற்றுக் கலவை சுமார் 7, 8 சதவீதம் நீர்த்துப்போகும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது திணறல், கார்பரேட்டர் வழியே தும்மல், பிளக் முனை வெள்ளையாவது எல்லாம் அதன் அடையாளங்கள். ஹெரால்டின் சோலக்ஸ் கார்பரேட்டர் ஜெட்டில் உள்ள எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. துளையின் பரப்பை 7 சதவீதம் கூட்ட விட்டத்தை மூன்றரை சதவீதம் கூட்டினால் போதும். 100 இருந்த இடத்தில் கணக்குக்கு 103.5 வரும்; அதற்கு மேலுள்ள 105 போடலாம். ஊசியை விட்டுத் துளையைக் குடைவது வேண்டாம். துளை கோணிவிட்டால் எந்த எண்ணும் அதற்குப் பொருந்தாது. ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் லைனை அடைத்து, கார்பரேட்டர் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

டேங்க்கில் துரு இருந்தால் பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக்கிலோ சிட்ரிக் அமிலம் கலந்து ஒருநாள் ஊறவைத்து, அலசி, உடனே உலர்த்தலாம். ஆனால் ஓட்டை அடைக்க வெல்டிங் வேண்டாம். காலி டேங்க்தானே என்கிறார்கள். வெடிப்பது காலி டேங்க்தான், உள்ளே நிற்கும் ஆவியால்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: ஆரம்பகால ஹெரால்டுகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பார்க்காமல் மாற்றி மாட்டினால் டைனமோவும் புதிதாகப் பொருத்திய ரேடியோவும் போகும். வேண்டுமென்றே நெகட்டிவ்வுக்கு மாற்றுபவர்கள், டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனையில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுக்க வேண்டும்; இக்னிஷன் காயிலின் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். வண்டியில் பியூஸ் பாதுகாப்பு பேருக்குத்தான், ஆகவே பேட்டரிக்கு அருகில் ஒரு மெயின் பியூஸ் அவசியம்.

ஸ்பேனர் விஷயத்தில் கட்டுரை வாய் திறக்கவில்லை. இது அங்குல வண்டி. அரை அங்குல நட்டு 12.7 மி.மீ.; 13ஆம் நம்பர் ஸ்பேனர் உட்கார்ந்ததுபோல் இருக்கும், துருப்பிடித்த நட்டில் இரண்டு முறை இழுத்தால் மூலை மழுங்கிவிடும். 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றலாம். போல்ட்டில் இன்னும் மோசம். 8 மி.மீ. போல்ட்டும் 5/16 அங்குல போல்ட்டும் பருமனில் ஏறக்குறைய ஒன்று, மரையின் நெருக்கம் வேறு. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் துளையின் மரையை வழித்தெடுத்துவிடும். புதுப்பேட்டையில் பழைய போல்ட் வாங்கப் போகும்போது ஒரு நல்ல 5/16 நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், கடையிலேயே திருகிப் பாருங்கள்.

பின்சக்கர ஹப்பை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். கூம்பு ஷாஃப்டில் இறுகியிருக்கும். அதற்கென்றே உள்ள கனத்த புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட் முனையின் மரை காளான்போல் விரிந்துவிடும்.

கட்டுரையில் பாராட்டப்பட்ட ஒரு ஹெரால்டில் வேறு கம்பெனியின் இன்ஜின் பொருத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிந்து, வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட எண் பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வயதைப் பொறுத்தவரை எல்லா ஹெரால்டும் தகுதி பெற்றுவிட்டது. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் மூலவடிவில் இருக்க வேண்டும். இன்ஜினை மாற்றியவருக்கு அந்தக் கதவு அடைபட்டது. பழைய 948 இன்ஜினைக் கழற்றிப் போட்டிருந்தால் எடைக்குப் போட்டுவிடாமல் எண்ணெய் தடவி மூடி வைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் வெளியிட இடமில்லை என்றால், ஹெரால்டின் முன்சக்கர டிரன்னியனுக்கு இபி 90 கியர் ஆயில் மட்டுமே என்ற ஒரு வரித் திருத்தத்தையாவது வரும் ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தாம்பரம் வட்டாரப் பழைய கார் உரிமையாளர்கள் சிலர்