சோடா ரொட்டியைப் பிசைய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்தின் சோடா ரொட்டிக்கான செய்முறைகள் சிலவற்றில் மாவை நெடுநேரம் பிசையச் சொல்வது தவறு. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு வீடுகளில் பரவிய இந்த ரொட்டியில் ஈஸ்ட் கிடையாது. மோரின் புளிப்பு சமையல் சோடாவுடன் சேர்ந்ததுமே கரியமில வாயு கிளம்பிவிடுவதால், 450 கிராம் மைதாவில் உப்பும் சோடாவும் தலா ஒரு தேக்கரண்டி கலந்து, சுமார் 350 மில்லி மோர் ஊற்றி, கை பட்டும் படாமலும் திரட்டி, சூடேறிய அவனில் உடனே வைத்துவிட வேண்டும். முதன்முறை பத்து நிமிடம் பிசைந்த நான் வெளியே எடுத்தது செங்கல்லைத்தான். மேலே ஆழமாகக் கீறும் சிலுவைக் குறி வெறும் அலங்காரமன்று. நடுப்பகுதி நன்றாக வேக அது உதவுகிறது. 200 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடம் வெந்தபின் அடிப்பக்கத்தைத் தட்டினால், வெற்றுப் பானைபோல் ஒலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்